பட்டினி கிடந்தவர் சொன்ன டயட்

போன மாசம் கிரிவலம் போனேன், 14 கிலோமீட்டர். வெயிட் குறைக்க ஒரு நாளைக்கு 1,200 கலோரிதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். பாதி வழியிலேயே கண்ணு இருட்டிடுச்சு.

இதே திருவண்ணாமலைக்கு 1896 செப்டம்பர் 1 அன்று வேங்கடராமன்னு 16 வயசுப் பையன் வந்தார். பெரிய கோயில் பாதாள லிங்கத்துல சோறு தண்ணி நினைப்பே இல்லாம உட்கார்ந்தார். பூச்சி கடிச்சுத் தொடையெல்லாம் புண்ணு. உடம்பு எலும்பும் தோலுமா ஆச்சு. அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. ஆனா 'நான் யார்?' நூலில், நியமங்களிலேயே சிறந்ததுன்னு அவர் சொல்றது பட்டினியை இல்ல. அளவான சாத்விக உணவை. அவர் பேசினது எடையைப் பத்தி இல்ல, மனசைப் பத்தி.

மனசுக்கும் கலோரிக்கும் என்ன சம்பந்தம்? 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வெச்சு ஒரு ஆய்வு செய்தார். 24 வாரம், தினமும் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடை கால்வாசி குறைஞ்சது. கூடவே சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. கட்டுப்பாடு நீங்கினதும் பலர் அடங்காம சாப்பிட்டாங்க.

அவங்களுக்குக் கொடுத்த 'அரைப்பட்டினி' அளவைவிட என் டயட் கம்மி! இப்ப மெதுவாத்தான் குறையுது. ஆனா நாலு இட்லி சாப்பிட்டுட்டு கிரிவலத்தை முழுசா முடிக்கிறேன்.