எழுபத்திரண்டில் ஒரு பங்கு மெட்ராஸ்

இலக்கியக் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு பொழுதுபோக்கை இன்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் விமானத்தையோ டாங்கியையோ ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைப்பதுதான் அது. இங்கே கேட்டியை ஒட்டிய ஹூஸ்டனில் 'மாடல்மேனியா' என்ற பெயரில் இதற்குப் போட்டியே நடக்கிறது. இந்தச் சிறு விமானங்களில் சிலவற்றுக்குப் பின்னால் நம் மெட்ராஸ் மாகாணத்தின் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிறிய வடிவம் செய்வது நமக்குப் புதிதல்ல. தச்சர்கள் செய்த, ஏறிச் செல்ல முடியாத சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவமே சிறுதேர்தான். ஆனால் அந்தச் சிறுதேர் ஒரு குறிப்பிட்ட தேரின் அளவு பிசகாத நகல் அல்ல. மாடல் விமானம் அப்படிப்பட்ட நகல். 1:72 என்ற அளவில், ஆறடி மனிதர் சரியாக ஓர் அங்குலம்.

இந்த அளவைப் பரப்பியதில் போருக்குப் பெரிய பங்கு உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமானங்களைச் செய்து தரக் கேட்டது. நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்று வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவை தேவைப்பட்டன. 1:72 மாடலை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பறக்கும் விமானத்தின் தோற்றம் கிடைக்கும். போர் முடிந்தபின் அடையாளம் காணும் வேலை போய், நினைவில் வைத்திருக்கும் வேலை மட்டும் மாடலுக்கு மிஞ்சியது.

வண்ணம் பூச உட்கார்ந்தால் முதல் கேள்வி, 'என்ன நிறம்?' என்பதல்ல, 'எந்த நாள்?' என்பது. டிஃபையன்ட் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிச் சுடத் துப்பாக்கி இல்லை. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். 1940 மே மாதம் டன்கர்க் கடற்கரை மேல் பறந்த விமானம் என்றால், அடிப்புறத்தில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. தரையில் இருப்பவர்கள் தம் விமானம் என்று தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு. ஜூன் மாதத்தில் அது வெளிர்பச்சை கலந்த 'ஸ்கை' நிறத்துக்கு மாறியது. ஒரு மாதம் தவறினால் வரலாறே தவறிவிடும்.

டிஃபையன்டை முதலில் போருக்குக் கொண்டுபோனது 264ஆம் படைப்பிரிவு. டன்கர்க்கில் மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. அது மிகை என்று பின்னால் தெரிந்தது. கூண்டுத் துப்பாக்கி எட்டாத திசைகளிலிருந்து ஜெர்மானியர்கள் தாக்கத் தொடங்கியதும், ஆகஸ்ட் இறுதிக்குள் இழப்பு தாங்காமல் பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டது. கிட் பெட்டிகளில் வரும் டெக்கால்களில் இந்தப் பிரிவின் 'பி.எஸ்.' எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் பிரிவின் முழுப் பெயர்: எண் 264, மெட்ராஸ் மாகாணப் படைப்பிரிவு. ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234, ஹரிக்கேன் ஓட்டிய 79 ஆகிய பிரிவுகளுக்கும் அதே அடைமொழிதான். ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய 102ஆம் பிரிவின் பெயரில் இலங்கை இருந்தது. போர் நிதி திரட்டிக் கொடுத்த ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிட்டிஷ் விமானப்படை செலுத்திய நன்றி இது. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று ஒரு பேச்சு விலை இருந்தது.

இப்போது 'எந்த நாள்?' என்ற அதே கேள்வியை மெட்ராஸ் பக்கம் திருப்புவோம். இந்தியரைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் சேர்த்ததை எதிர்த்து, 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. மாகாணம் ஆளுநர் ஆட்சிக்குப் போனது. 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது. ஆளாகவோ பணமாகவோ இந்தப் போருக்கு உதவாதீர்கள் என்று சொன்னதற்காகவே ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். டிசம்பரில் ராஜாஜியும் கைதானார். இன்னொரு பக்கம், பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி போரை ஆதரித்தது. மாகாணத்துக்கு ஒரே மனம் இருக்கவில்லை. படைப்பிரிவின் பெயரில் மட்டும் ஒரே மெட்ராஸ்.

79ஆம் பிரிவு 1942இல் இந்தியாவுக்கு வந்தது. பர்மா முனையில் ஹரிக்கேன்களையும், பிறகு அமெரிக்கத் தண்டர்போல்ட்களையும் ஓட்டியது. அந்த விமானங்களைச் செய்பவர்கள் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு வைக்கக் கூடாது. ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பி, சொந்தப் படையே சுட்டுவிடும் என்று அதை எடுத்துவிட்டு, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் பூசினார்கள். அதே பர்மா முனையில், எதிர்ப்பக்கம் நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். மெட்ராஸ் என்ற பெயர் ஒரு பக்கம், மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் மறுபக்கம்.

பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் சிவப்புப் பொட்டைப் பற்றிச் சொல்லும். பணம் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். கேட்டியில் ஒரு பிள்ளை டிஃபையன்ட் செய்து பள்ளிக்கோ போட்டிக்கோ எடுத்துப் போனால், பக்கத்தில் வைக்கும் அட்டையில் படைப்பிரிவின் எண்ணோடு இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: இந்த மெட்ராஸ் எது, அந்த ஆண்டு அங்கே யார் ஆண்டார்கள், யார் சிறையில் இருந்தார்கள் என்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தப் போர் நிதி வசூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், அதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.