விட்டமா, வீச்சா?
பந்தயப் படகு எந்திரங்கள் சொல்லும் கதை

இரண்டு எந்திரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பன்னிரண்டு சிலிண்டர்கள். இரண்டின் கொள்ளளவும் 27 லிட்டர். இரண்டும் ஆகாய விமானத்துக்காகப் பிறந்து, போர் முடிந்தபின் பந்தயப் படகுகளில் ஏறியவை. ஆயினும் ஒன்றின் திறன் 400 குதிரைத்திறன். மற்றதன் திறன் 1,030. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதல் எந்திரம் அமெரிக்காவின் லிபர்ட்டி. அந்நாடு முதல் உலகப் போரில் இறங்கிய 1917-ஆம் ஆண்டில், ஜெஸ்ஸி வின்சென்ட், எல்பர்ட் ஹால் என்ற இரு பொறியாளர்கள் வாஷிங்டன் நகரில் ஓர் ஓட்டல் அறையில் அமர்ந்து சில நாட்களிலேயே இதன் அமைப்பை வரைந்தனர். 20,000-க்கும் மேற்பட்ட எந்திரங்கள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவை மலிவாக விற்பனைக்கு வந்தன. லாரிகளுக்கான நீரழுத்தத் தூக்கியைக் கண்டுபிடித்துச் செல்வம் சேர்த்த கார் வுட் என்பவர் அவற்றுள் பலவற்றை வாங்கினார். இரண்டை ‘மிஸ் அமெரிக்கா’ என்ற படகில் பொருத்தி, 1920-இல் இங்கிலாந்துக்குச் சென்று, 1903 முதல் நடந்துவந்த ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்று திரும்பினார்.

இரண்டாவது, பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். 1930-களில் உருவாகி, ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களைப் பறக்கவைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பந்தயப் படகுகளில் இடம்பெற்றது.

இனி இவற்றின் உடலமைப்பைப் பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டத்தை மெக்கானிக்குகள் ‘போர்’ என்பார்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தொலைவு ‘ஸ்ட்ரோக்’. இதை நாம் வீச்சு என்போம். லிபர்ட்டியின் விட்டம் 127 மில்லிமீட்டர், வீச்சு 178 மில்லிமீட்டர். மெர்லினின் விட்டம் 137, வீச்சு 152. முன்னது ஒல்லியாய் உயர்ந்தது. பின்னது சற்றுக் குட்டையாய்ப் பருத்தது. கொள்ளளவு மட்டும் ஒன்றே.

வீச்சு நீண்டால் கிராங்கின் கை நீளும். எனவே திருப்பு விசை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். கொள்ளளவை மாற்றாமல் வீச்சை நீட்டினால் விட்டம் குறைந்தாகவேண்டும். பிஸ்டனின் பரப்பு சுருங்கும். அதன்மேல் விழும் விசையும் குறையும். கை நீண்டதால் வந்த இலாபம் விசை குறைந்ததால் போய்விடும். சிலிண்டருக்குள் சராசரி அழுத்தம் ஒன்றாக இருந்தால், ஒரே கொள்ளளவுள்ள எந்திரங்களின் திருப்பு விசையும் ஒன்றே.

பிறகு வடிவத்தால் என்ன பயன்? ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். வாளியும் ஒன்றே. ஆழக் கிணற்றில் ஒரு மணி நேரத்தில் நூறு வாளி இறைத்தால், ஆழம் குறைந்த கிணற்றில் அதைவிட அதிகம் இறைக்கலாம். எந்திரத்தில் கிணற்றின் ஆழமே வீச்சு; கயிற்றின் வேகமே பிஸ்டனின் சராசரி வேகம். வீச்சு குறைந்தால், பிஸ்டன் வேகத்தைக் கூட்டாமலே நிமிடத்துக்குக் கூடுதல் சுற்றுகள் சுற்றலாம். திருப்பு விசையைச் சுற்றுகளால் பெருக்கக் கிடைப்பதே திறன்.

இப்போது கணக்குப் போடுவோம். லிபர்ட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,700 சுற்றுகள் சுற்றியது. அதன் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். மெர்லின் 3,000 சுற்றுகள். பிஸ்டன் வேகம் 15.2 மீட்டர். திறன் 2.6 மடங்காகப் பெருகியதை மூன்று பங்காகப் பிரிக்கலாம். வீச்சைக் குறைத்து விட்டத்தைக் கூட்டியதால் வந்தது 1.17 மடங்கு. உறுதியான உலோகம், நல்ல தாங்கிகள், சிறந்த மசகெண்ணெய் ஆகியவற்றால் பிஸ்டன் வேகம் கூடியது 1.5 மடங்கு. காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜராலும் மேம்பட்ட பெட்ரோலாலும் சிலிண்டருக்குள் சராசரி அழுத்தம் கூடியது ஏறத்தாழ 1.46 மடங்கு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்! வடிவம் தந்தது நூற்றுக்குப் பதினேழுதான்.

ஆனால் படகுக்கு அந்தப் பதினேழும் பெரிது. காருக்கு இறக்கம் உண்டு. அங்கே எந்திரம் இளைப்பாறலாம். நீரில் இறக்கம் இல்லை. விரையும் படகின் எந்திரம் எப்போதும் முழுச் சுமையில் உழைக்கிறது. அலையில் படகு துள்ளும்போது உந்துவிசிறி நீரைவிட்டு வெளியே வந்துவிடும். சுமை நீங்கிய எந்திரம் மறுகணமே வெறிகொண்டு சுழலும். சுற்றுகள் நூற்றுக்குப் பத்து கூடினால், பிஸ்டனையும் இணைப்புத் தண்டையும் இழுக்கும் விசை நூற்றுக்கு 21 கூடும். வீச்சு நீளமான எந்திரத்தில் அந்த இழுப்பு இன்னும் கடுமை.

அப்படியானால் விட்டத்தை மேலும் மேலும் பெருக்கினால் என்ன? அங்கேயும் ஓர் எல்லை உண்டு. ஸ்பார்க் பிளக்கில் பிறந்த சுடர் சிலிண்டரின் ஓரம் வரை பரவ நேரம் வேண்டும். விட்டம் மிகுந்தால் சுடர் போய்ச் சேருமுன்பே எஞ்சிய கலவை தானாக வெடித்து, சம்மட்டி அடிபோல் பிஸ்டனைத் தாக்கும். அகன்ற பிஸ்டனின் நடுவிலுள்ள வெப்பம் ஓரத்துக்குச் சென்று வெளியேறுவதும் கடினம். எந்திரத்தின் நீளமும் எடையும் கூடும்.

ஆகவே பொறியாளர்கள் நடுவழியைப் பற்றினர். 1932-இல் மணிக்கு 124.86 மைல் வேகம் எட்டிய ‘மிஸ் அமெரிக்கா X’ படகில் நான்கு பேக்கார்டு எந்திரங்கள் இருந்தன. விட்டம் 162, வீச்சு 165. 1950-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் 160.323 மைல் வேகம் கண்ட ‘ஸ்லோ-மோ-ஷன் IV’ படகின் ஆலிசன் எந்திரத்தில் விட்டம் 140, வீச்சு 152. 1959-இல் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையைக் கனடாவுக்குக் கொண்டுசென்ற ‘மிஸ் சூப்பர்டெஸ்ட் III’ படகின் கிரிஃபன் எந்திரத்தில் விட்டம் 152, வீச்சு 168. மூன்றிலும் வீச்சு விட்டத்தைவிடச் சற்றே அதிகம். லிபர்ட்டியில் இருந்த பெரிய இடைவெளி மறைந்துவிட்டது. 1980-களில் இத்தகைய பெரும் பந்தயப் படகுகளில் டர்பைன்கள் வந்தன. அவற்றில் பிஸ்டனே கிடையாது.

ஆனால் உங்கள் ஊர்த் தோட்டத்து டீசல் பம்பிலும், தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளிலும் பிஸ்டன் இன்னும் ஓடுகிறது. அவற்றின் விவரக் குறிப்பில் வீச்சின் அளவும், உச்சத் திறன் கிடைக்கும் சுற்றுகளும் இருக்கும். வீச்சை மீட்டரில் எழுதி இரண்டால் பெருக்குங்கள். பின் சுற்றுகளால் பெருக்கி 60-ஆல் வகுங்கள். கிடைப்பது பிஸ்டனின் சராசரி வேகம். பம்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கணக்கிட்டு, லிபர்ட்டியின் 10-உடனும் மெர்லினின் 15.2-உடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது, எது விரைவுக்காகச் செய்யப்பட்டது என்பதை அந்த எண்ணே உங்களுக்குக் காட்டும்.