தளவாடமா, தோழனா?

2015-ஆம் ஆண்டு போவாஸ் யாக்கின் இயக்கத்தில் வெளிவந்த 'மேக்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கென எடுக்கப்பட்ட எளிய கதை. ஆப்கானிஸ்தானில் படைப்பணியாற்றும் நாய் ஒன்று, தன்னை நடத்திய இளம் வீரனைப் போரில் இழக்கிறது. அடக்கச் சடங்கின்போது சவப்பெட்டியை விட்டு அகல மறுக்கிறது. எவருக்கும் அடங்காத அதனைக் கொன்றுவிடுவதே வழி என்னும் நிலை வரும்போது, மகனை இழந்த பெற்றோரும் அவர்தம் இளைய மகனும் அதைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொள்கின்றனர்.

கண்கலங்க வைக்கும் இக்காட்சி, 2000-ஆம் ஆண்டுக்கு முன்னர் நிகழ்ந்திருக்கவே முடியாது. அன்றைய அமெரிக்கச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை.

ஆயினும் தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1942-இல் அமெரிக்கக் குடும்பங்கள் பல, தாம் வளர்த்த நாய்களை மனமுவந்து படைக்கு இரவலாக அளித்தன. நியூயார்க் மாநிலத்துக் குடும்பம் ஒன்று அனுப்பிய நாயே 'சிப்ஸ்'. 1943 ஜூலையில் சிசிலித் தீவின் கரையில், மறைவிடத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்த எதிரிகள்மீது அது பாய்ந்து, அவர்களைச் சரணடையச் செய்தது. அதற்கு வழங்கப்பட்ட வெள்ளி நட்சத்திர விருது, விலங்குக்கு விருதளித்தல் முறையன்று என்று பின்னர் திரும்பப் பெறப்பட்டது. விருது போயிற்றெனினும் வீடு போகவில்லை: 1945-இல் சிப்ஸ் தன் குடும்பத்திடமே திரும்பியது. அதன் கதையும் 1990-இல் திரைப்படமாயிற்று.

போர்க்குணம் ஏறிய நாய், குழந்தைகள் வாழும் வீட்டில் இருக்கத் தகுமா? இக்கேள்விக்கு அந்நாளிலேயே விடை கிடைத்தது. போர் முடிந்தபோது அமெரிக்கக் கடற்படைப் பிரிவில் இருந்த 559 நாய்களுள் 540, மறுபயிற்சி பெற்று மக்களோடு வாழத் திரும்பின. திருத்த இயலாதவை என்று முடிவு செய்யப்பட்டவை நான்கே.

பின்னர் அரசே விலைகொடுத்து நாய்களை வாங்கத் தொடங்கியது. இரவல் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும். சொந்தமாக வாங்கியதை யாருக்குத் தரவேண்டும்? கணக்கேட்டில் நாய் தளவாடம் ஆயிற்று. வியட்நாம் போரில் ஏறத்தாழ 4,000 நாய்கள் பணியாற்றின. கண்ணிகளையும் பதுங்கியிருந்த பகைவரையும் முன்கூட்டியே உணர்த்தி, எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தன. தாயகம் திரும்பியவையோ சுமார் 200. எஞ்சியவற்றுள் போரில் மடிந்தவை போக, மற்றவை தென்வியட்நாம் படையிடம் ஒப்படைக்கப்பட்டன, அல்லது கொல்லப்பட்டன. காப்பாற்றப்பட்டவன் கப்பலேறினான், காப்பாற்றியது கரையிலேயே நின்றது.

இந்நிலையை மாற்றக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர், 1944-இல் குவாம் தீவில் போர்நாய்ப் பிரிவை நடத்திய கால்நடை மருத்துவர் வில்லியம் புட்னி. அப்போது 'ராபி' என்னும் முதிய படைநாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள அதன் பழைய பயிற்றுநர் வேண்டினார், அனுமதி கிட்டவில்லை. இச்செய்தி பலர் நெஞ்சைத் தொட்டது. மேரிலாந்து உறுப்பினர் ராஸ்கோ பார்ட்லெட் கொண்டுவந்த மசோதாவில், 2000 நவம்பரில் குடியரசுத் தலைவர் கிளின்டன் கையெழுத்திட்டார். ஓய்வுபெறும் படைநாய்களை வீடுகள் ஏற்க வழி பிறந்தது. ராபிக்கு மட்டும் அவ்வழி பயன்படவில்லை. நோய் முற்றிய நிலையில், 2001 ஜனவரியில் அதன் வாழ்வு முடிக்கப்பட்டது.

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்வது நம் வழக்கம். இவ்வரலாற்றில் நாயின் நன்றி ஒருநாளும் ஐயத்துக்கு உள்ளாகவில்லை. சோதனைக்கு உள்ளானது மனிதனின் நன்றியே. 1945-இல் வீடு சேர்ந்த நாய்க்கும், வியட்நாமில் கைவிடப்பட்ட நாய்க்கும் இயல்பில் வேறுபாடில்லை. மாறியது, மனிதன் அதற்கு இட்ட பெயர். பயன் தீர்ந்த நாளில் ஓர் உயிரைப் பொருளென்று அழைக்கத் துணிந்தால், அதைக் கைவிடுவதும் எளிதாகிவிடுகிறது. உழைத்து ஓய்ந்தோரை நாம் எப்பெயரிட்டு அழைக்கிறோம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.