பீகார் பூகம்பமும் ஒரு பழைய கேள்வியும்

1934 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள். பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. வட பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் கடுமையாக அதிர்ந்தது. கங்கைக் கரையிலிருந்த முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் வீடுகளும் கோயில்களும் சரிந்தன. இரு பகுதிகளிலும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் மாண்டனர். செல்வர், ஏழை, முதியோர், குழந்தை என்ற வேறுபாடு எதுவும் இல்லை.

இத்தகைய வேளைகளில் மனிதன் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. கடவுள் எல்லாம் வல்லவர், கருணையே வடிவானவர் என்றால் குற்றமற்றவர்களுக்கு இத்துன்பம் ஏன்? அவரால் தடுக்க இயலவில்லையா? அல்லது தடுக்க மனமில்லையா? இக்கேள்விக்குப் பலரும் கண்ட எளிய விடை, துன்பம் என்பது பாவத்தின் தண்டனை என்பதாகும். 1934 இல் அவ்விடையைக் கூறியவர் காந்தியடிகள் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

அப்போது அவர் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பீகார் மக்களின் துயரை எடுத்துக் கூறினார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே இப்பூகம்பம் என்று தாம் நம்புவதாகவும் சொன்னார்.

இச்செய்தி கவிஞர் ரவீந்திரநாத் தாகூரை வருத்தியது. அவரும் கடவுள் நம்பிக்கை உடையவர், தீண்டாமையை வெறுத்தவர். ஆயினும் இயற்கைச் சீற்றங்களுக்குக் காரணம் இயற்கை நிகழ்ச்சிகளே என்றும், அவற்றை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடலாகாது என்றும் அவர் எழுதினார். தீண்டாமையைக் காக்க விரும்புவோர் இதே வாதத்தைத் திருப்பி, காந்தியடிகளின் சீர்திருத்தமே பூகம்பத்துக்குக் காரணம் என்று சொல்லலாமே என்றும் சுட்டிக்காட்டினார். காந்தியடிகள் இம்மறுப்பைத் தமது ‘ஹரிஜன்’ ஏட்டில் பிப்ரவரி 16 அன்று வெளியிட்டார். தமது நம்பிக்கையை நிரூபிக்க இயலாது என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் அதைக் கைவிட முடியாது என்று பதிலும் எழுதினார்.

இதற்கிடையே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் அறிஞர்கள் பீகாரில் ஊர் ஊராகச் சென்று சேதத்தை ஆராய்ந்தனர். வட பீகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையில் நிலமே உறுதி இழந்திருந்தது. கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் கிடந்தன. வயல்களில் மணலும் நீரும் பீறிட்டிருந்தன. நீரில் ஊறிய மணற்படுகை அதிர்ச்சியில் குழம்புபோல் ஆகிவிடும். அதன் மேலுள்ள சுவர் நிற்காது. எந்த வீடு விழும் என்பதை அடிமண்ணும் கட்டுமானமுமே பெரிதும் தீர்மானித்தன. தீண்டாமையைக் கடைப்பிடித்தவனின் மாளிகையும், அதனால் ஒடுக்கப்பட்டவனின் குடிசையும் ஒரே மணலின் மீதுதான் நின்றன. தண்டனை என்று கொண்டால், பாவத்துக்கு இலக்கானவனும் ஏன் தண்டிக்கப்பட வேண்டும்?

பூகம்பத்தின் மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே இருந்தது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் நுழைகிறது. இந்த நெருக்கம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். பாறைகளில் சேரும் இறுக்கம் தாங்கும் எல்லையை மீறும்போது அவை திடீரென உடைந்து நழுவுகின்றன. 1934 இல் ஏற்பட்ட உடைப்பு நேபாளத்தில் தரைமட்டம் வரை வந்திருந்ததை 2013 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1255 ஆம் ஆண்டிலும் அங்கே அத்தகைய உடைப்பு ஏற்பட்டிருந்ததற்கும் அதில் சான்று கிடைத்தது.

கடவுள் உண்டா, துன்பம் ஏன் என்ற கேள்விகளைப் பூகம்பமானி தீர்த்துவிடாது. அவை தத்துவத்துக்கு உரியவை. ஆனால் மாண்டவர்மீது பாவச் சுமையை ஏற்றத் தேவையில்லை என்பதை விஞ்ஞானம் உணர்த்துகிறது. தீண்டாமை கொடுமை என்று அறியப் பூகம்பம் வேண்டியதில்லை. அது மனிதன் செய்வது, மனிதனே நீக்க வேண்டியது. பூகம்பத்தை நிறுத்த நம்மால் இயலாது. ஆயினும் அதைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதிகள் 1962 இல் வகுக்கப்பட்டன. அவற்றை மீறிக் கட்டிய வீடு இடிந்தால், அப்பழியையும் விதியின் மீது போடலாகாது.