பெயர் வாங்கி எழுதப்படும் மடல்

அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் பி.எஸ்.ஏ.டி. தேர்வை எழுதிச் சில மாதங்களுக்குள் அவருடைய அஞ்சற்பெட்டியும் மின்னஞ்சற்பெட்டியும் நிரம்பத் தொடங்குகின்றன. அவர் கேள்விப்பட்டேயிராத கல்லூரிகள் பெயர் சொல்லி விளிக்கின்றன. தம்மைப் போன்றவரையே அவை தேடிக்கொண்டிருந்தன என்று அவர் எண்ணும்படி எழுதுகின்றன. கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லாத குடும்பங்களில் இம்மடல் இடம் கிடைத்துவிட்ட செய்தியாகவே படிக்கப்படுவதுண்டு. அது அத்தகைய செய்தி அன்று. அதன் வேர் 1970களின் ஒரு கணக்கில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர் பஞ்சம் இருக்கவில்லை. கட்டடங்களுக்கும் ஆசிரியர்களுக்குமே பஞ்சம். ஆனால் 1957-இல் ஏறத்தாழ 43 லட்சமாக இருந்த ஆண்டுப் பிறப்பு எண்ணிக்கை 1973-இல் 31 லட்சமளவில் வந்து நின்றது. பிறந்த குழந்தை பதினெட்டு ஆண்டுகளில் கல்லூரி வாசலுக்கு வரும் என்பதால், வரவிருக்கும் வெறுமையை நிருவாகிகளால் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க முடிந்தது. 1972-இல் வந்த சட்டத் திருத்தமோ கூட்டரசின் அடிப்படை உதவித்தொகையை மாணவரை மையமாக வைத்து அமைத்தது. மாணவர் எங்கே சேர்கிறாரோ அங்கே பணமும் சேரும் என்றானபின், அவரைத் தேடிச் செல்வது கல்லூரிகளின் வேலையாயிற்று.

தேடுவதற்கான கருவியும் அதே 1972-இல் வந்தது. 1900-இல் நிறுவப்பட்டு, 1926 முதல் எஸ்.ஏ.டி. தேர்வை நடத்திவரும் காலேஜ் போர்டு, மாணவர் தேடல் சேவையைத் தொடங்கியது. தேர்வோடு தரப்படும் வினாத்தாளில் மாணவர் தம் முகவரி, மதிப்பெண் சராசரி, விரும்பும் பாடம் ஆகியவற்றை நிரப்புவார். இந்த மதிப்பெண்ணிலிருந்து அந்த மதிப்பெண் வரை, இன்ன பகுதியில் வாழ்வோர் என்று கல்லூரி கேட்கும். பட்டியல் விலைக்குக் கிடைக்கும். அறிவை அளப்பதாகச் சொல்லப்பட்ட தேர்வு, அதன்பின் முகவரி திரட்டும் களமாகவும் ஆயிற்று. இவ்விரண்டாம் பணியைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல எவரும் அவசரப்படவில்லை.

அக்காலத்தில் பாஸ்டன் கல்லூரி நிதி நெருக்கடியில் இருந்தது. அதன் சேர்க்கைப் பொறுப்பை ஏற்ற ஜாக் மக்வயர் ஓர் இயற்பியலாளர். யார் விண்ணப்பிப்பார், யார் சேர்வார், எவ்வளவு உதவித்தொகை தந்தால் தங்குவார் என்பதை எல்லாம் ஒரே கணக்காகக் கண்ட அவரே 1976-இல் ‘சேர்க்கை மேலாண்மை’ என்னும் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர், அரசியல் பரப்புரைக்கு மடல் எழுதிப் பழகிய பில் ராயல் போன்றோர் அக்கலையைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தனர். மடலின் இலக்கணமும் அங்கிருந்து வந்ததே: விளிப்பது ஒருமையில், அனுப்புவது ஆயிரக்கணக்கில்.

1983-இல் யு.எஸ். நியூஸ் இதழின் தரவரிசை தொடங்கியது. பின்னாளில் அதன் கணக்கில் சேர்க்கை விகிதமும் இடம்பெற்றது. 2018-இல்தான் அது நீக்கப்பட்டது. விண்ணப்பங்கள் பெருகினால் மறுப்பும் பெருகும். மறுப்பு பெருகினால் மதிப்பும் உயரும். இடம் தர எண்ணாதவரையும் விண்ணப்பிக்கத் தூண்டுவதில் ஆதாயம் இருந்தது. 2019-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இவ்வணிகத்தை விரிவாக எழுதியபோது ஒரு பெயரின் விலை 47 சென்ட். வாங்கப்படாத பெயர்களின் கதை இதனினும் கசப்பானது. அஞ்சல் குறியீட்டைக் கொண்டு வடிகட்டும்போது ஏழைகள் வாழும் பகுதிகள் எவ்வாறு விடுபடுகின்றன என்பதை ஓசான் ஜாகெட், கரினா சலசார் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞருடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி காலேஜ் போர்டு 7,50,000 டாலர் செலுத்தியது. பள்ளி நேரத்தில் நடத்தப்பட்ட தேர்வுகளின்போது திரட்டிய மாணவர் விவரங்களை விற்றது என்பதே குற்றச்சாட்டு.

தேடல் சேவையில் சேர்வது கட்டாயமன்று, சேர்ந்தவரும் விலகலாம். ஆனால் விலகுமுன் பெயரைப் பெற்றுவிட்ட கல்லூரிகளுக்குத் தனித்தனியே மறுப்புச் சொல்லவேண்டும். கல்லூரித் தேடலுக்கெனத் தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வோர் இத்தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்புகின்றனர். அதே பெட்டியில், விண்ணப்பித்த கல்லூரியிலிருந்து விடுபட்ட சான்றிதழைக் கேட்டோ உதவித்தொகைக் கெடுவை நினைவூட்டியோ ஒரு மெய்யான மடலும் வரும். நூற்றுக்கணக்கான இனிய சொற்களுக்கிடையே அது புதைந்து, ஓர் ஆண்டே பறிபோகக்கூடும். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி போன்ற உண்மையான பயனும் சில விளம்பர மடல்களில் உண்டு என்பதால் அனைத்தையும் கண்ணை மூடி அழிப்பதும் சரியாகாது.

எஸ்.ஏ.டி. எழுதி, தேடல் சேவைக்கு இசைவு தரும் இந்திய மாணவருக்கும் இம்மடல்கள் வருகின்றன. அமெரிக்காவில் ஆண்டுப் பிறப்பு 2007-இல் மீண்டும் 43 லட்சத்தைத் தொட்டு, பின்னர் சரிந்தது. அவ்வாண்டில் பிறந்தோருக்கு 2025-இல் பதினெட்டு வயது.