மொரிஸ் மைனரும் ஒன்றேகால் அங்குலமும்

"பெரிய காபரேட்டர் போட்டா கார் நல்லா இழுக்கும்" எண்டு சொல்லாத பொடியன் எங்கட பக்கத்தில இல்லை. பழைய கார் ஒன்று கைக்கு வந்தவுடன் முதலில் மாற்ற நினைக்கிறதும் அதைத்தான். அப்படியென்றால் காரைச் செய்தவர்கள் ஏன் பெரிசாகப் போடவில்லை? இலங்கை வீதிகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிற மொரிஸ் மைனரை வைத்து இதைப் பார்ப்போம்.

காபரேட்டரின் வேலை காற்றோடு பெற்றோலைக் கலப்பது. ஒடுங்கிய கழுத்தால் போகும் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலியரான வெந்தூரி 1797இல் விளக்கிய விசயம் இது. அந்த இழுவையில் பெற்றோல் ஜெட்டால் மேலே வந்து தூவலாகச் சிதறும். 1893இல் ஜெர்மனியின் மேபாக் செய்த தூவல் காபரேட்டரும் இப்படித்தான் வேலை செய்தது. கழுத்து அளவுக்கு மிஞ்சிப் பெருத்தால் காற்று சோம்பிப் போகும். பெற்றோல் துளித்துளியாக மனிபோல்ட் சுவரில் ஒட்டும், பிளக்கில் கரி பிடிக்கும், அக்சிலேட்டரை மிதித்தால் கார் ஒருக்கா விக்கித்தான் எழும்பும். கழுத்து சிறுத்தால் வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டவர் ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. எஞ்சின் கேட்கிற காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கிக் கழுத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் காபரேட்டரை 1900களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். அதன் முதல் வடிவத்தில் தோல் துருத்திதான் இருந்தது. பிறகு உலோகப் பிஸ்டன் வந்தது. அதுதான் எஸ்.யூ. காபரேட்டர். 1926இல் வில்லியம் மொரிஸ் அந்தக் கம்பனியை வாங்கினார். மொரிஸ் கார்களில் எஸ்.யூ. இருக்கிற கதை இதுதான்.

மைனர் 1948இல் வந்தது, 918 சி.சி. எஞ்சினோடு. 1952இல் 803 சி.சி. எஞ்சின் வந்தபோது காபரேட்டரின் வாய் 1⅛ அங்குலம். 1956இல் எஞ்சின் 948 சி.சி. ஆனது, வாய் 1¼ அங்குலமாகக் கூடியது. 1962இல் 1098 சி.சி. ஆகி, வலு 37 குதிரைவலுவிலிருந்து 48க்கு ஏறியது. அப்போதும் வாய் அதே 1¼தான்! எஞ்சின் 150 சி.சி. பெருத்தும் காபரேட்டரின் வாயை அவர்கள் பெருப்பிக்கவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதரம்தான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 1098 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால், 1.098ஐ 2500ஆல் பெருக்க, ஏறத்தாழ 2745 லீற்றர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது. நூற்றுக்கு எண்பது என்று வைத்தால் 2200 லீற்றர் அளவில் வரும். 1¼ அங்குலம் இதைச் சமாளித்துவிடும். 1½ அங்குலம் போட்டால் வாயின் பரப்பு 44 வீதம் கூடும், இழுக்கிற எஞ்சின் அதேதான்.

இனி எங்கட வீதிக்கு வருவோம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி அக்கரைப்பற்றுக்குப் போகிற ஏ4 வீதியில் மலை ஏற்றம் கிடையாது. சைக்கிள், ஆட்டோ, உழவு இயந்திரம், பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகள் எல்லாம் இந்த ஒரே வீதியில்தான். 50 கிலோமீற்றர் வேகத்தில் மைனர் கடைசிக் கியரில் 2000 சுற்று அளவில்தான் சுற்றும். 5000 சுற்றுக்கு வாங்கின காபரேட்டர் இங்கே யாருக்கு?

இந்த நாட்டில் இது வெறும் ஓட்டக் கதையும் இல்லை. 1970களில் கார் இறக்குமதி இறுகியது. 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. இருந்த காரை வைத்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தடையால் பெற்றோல் தட்டுப்பட, பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் ஒரு லீற்றர் 470 ரூபாய். அடுத்த மாதம் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் போய்வர வேண்டிய வீட்டுக்கு, பிளக்கில் கரியாகிப்போற ஒவ்வொரு துளியும் நட்டம்தான்.

அப்போ பெரிய காபரேட்டர் எவருக்குமே வேண்டாமா? ஹெட், கேம்ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் மாற்றி எஞ்சினை உண்மையாகவே அதிக காற்று இழுக்க வைத்தவருக்கு 1½ அங்குலம் சரி. அப்போதும் அதற்குப் பொருந்திய நீடில் வேண்டும். பிறகு வந்த நிசான் சனி, டொயோட்டா கொரொல்லா கார்களில் இதற்கு வேறு ஏற்பாடு: ஒரே காபரேட்டரில் இரண்டு வாய். அன்றாட ஓட்டத்துக்குச் சின்ன வாய் மட்டும் திறக்கும். நல்லா மிதித்தால்தான் மற்றது திறக்கும்.

மைனர் இழுக்கவில்லை என்றால், பெரிசு தேடமுன் இவற்றைப் பாருங்க: திரொட்டில் தண்டு தேய்ந்து பக்கத்தால் காற்று இழுக்குதா, மேல் குடுவையில் எண்ணெய் இருக்கா, நீடில் தேய்ந்திருக்கா, எயார் கிளீனர் அடைத்திருக்கா. மிதவைக் கிண்ணத்தின் மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதிலுள்ள இலக்கம் அந்தக் காபரேட்டர் எந்த எஞ்சினுக்குச் செய்யப்பட்டது என்று சொல்லும். தகடு கழன்று போகமுன் இலக்கத்தை எழுதி வையுங்க. நாளைக்கு நீடிலோ ஜெட்டோ வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.