கேட்கப்படாதவரின் சாட்சியம்

ஒரு மனிதரைப் பற்றிய அறிவை அவரைக் கேளாமலே தேடிவிட முடியுமா? ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடையளிக்கின்றது.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளிடம் தாம் கண்ட தனித்தன்மைகளை விரிவாக விளக்கி எழுதினார். அவரே 1949-இல், இக்குழந்தைகள் பெற்றோரின் கனிவின்றி, குளிர்பெட்டியில் வைக்கப்பட்டவர்கள் போன்று வளர்ந்தவர்கள் என்ற கருத்தையும் வெளியிட்டார். 1967-இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் இப்பழியை மேலும் பரப்பியது. பிள்ளையின் துன்பத்தோடு, அதற்குத் தாமே காரணம் என்ற அவப்பெயரையும் தாய்மார் சுமக்க நேர்ந்தது.

இதனை எதிர்த்து எழுந்தோர் பெற்றோரே. அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளரும் ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் எழுதிய நூலில் இதன் காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டார். நூலோடு இணைக்கப்பட்டிருந்த வினாப்பட்டியலைப் பெற்றோர் நிரப்பி அவருக்கு அனுப்பினர். அவர்கள் வீட்டில் கண்டவை ஆராய்ச்சிக்குச் சான்றுகளாயின. மறு ஆண்டே அவர் பெற்றோரோடு இணைந்து தேசியச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1969-இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் கானர் பெற்றோரைப் பழியினின்று விடுவிப்பதாக அறிவித்தார்.

இங்கிலாந்திலோ 1962-இலேயே பெற்றோர் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், தாமே மனநல மருத்துவர். 1979-இல் ஜூடித் கூல்டுடன் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் கானர் வரைந்த எல்லையை விடப் பரந்தது என்று காட்டிற்று.

ஆயினும் ஒரு குரல் இன்னும் கேட்கப்படவில்லை. 1993-இல் டொராண்டோ மாநாட்டில், ஆட்டிசம் கொண்டவரான ஜிம் சின்கிளேர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரிடமே கூறினார். 2006-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஆஸ்பையர்’ என்னும் கூட்டாய்வுக் குழுவில் ஆட்டிசம் கொண்டோர், ஆய்வாளருக்குச் சமமாக அமர்ந்தனர். வினாக்களின் தெளிவற்ற சொற்களை அவர்களே திருத்தினர். தம் தேவைகளை மருத்துவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க உதவும் கருவியொன்றும் அக்கூட்டு முயற்சியில் உருவாயிற்று. கண்டறிந்தது நடைமுறைக்கு வரும் வழி இதுவே.

இப்பாடம் எங்கும் கற்றுக்கொள்ளப்பட்டுவிடவில்லை. 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தில், 10,000 பேரின் மரபணுத் தகவலைத் திரட்ட முனைந்த பெருந்திட்டம், ஆட்டிசம் கொண்டோரின் எதிர்ப்பால் அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது.

பேச்சே எழாத பிள்ளைகளும் உளர். அவர்களுக்காகப் பெற்றோர் பேசத்தான் வேண்டும். எனினும் ஒரு முகத்திருப்பலும், ஒரு கையசைவும், ஒரு அலறலும் அவர்கள் தரும் விடைகளே. அவற்றையும் சாட்சியமாக ஏற்கும் பொறுமை ஆய்வாளருக்கும் நமக்கும் வாய்க்குமா?